எத்தனை சுற்று

பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் முருப் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தச் சரிவுல மேயுற யாக்குக்கெல்லாம் இடது பக்கத்துக் காலு ரெண்டும் குட்டை, கவனிச்சீங்களா?" என்று ஆரம்பித்துவிட்டுக் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தார். யாரும் இல்லை. முப்பத்தோரு வருடமாக அந்த வளைவில் வாய் தானாகத் திறந்து பழகிவிட்டது. ஒருமுறை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அப்படியானால் அந்த யாக் மேய்ந்துவிட்டு எப்படித் திரும்பி வரும் என்று கேட்டார்கள். திரும்பி வராது, மலையைச் சுற்றிக்கொண்டே போய் மறுபக்கமாக வீடு சேர்ந்துவிடும், சுற்ற முடியாத மலையில் யாக்கே கிடையாது என்றார் முருப். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

காலி வண்டியோடு தக்மர் லா கணவாய்க்கு ஏறுவது இதுதான் அவருக்கு முதல் தடவை. ஆளில்லாத வண்டி மேட்டில் இலேசாக ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆறு பேரையும் அவர்கள் பெட்டிகளையும் சுமந்துகொண்டு முனகாத வண்டி அன்று வளைவுக்கு வளைவு முனகியது. பனி உருகிய தண்ணீர் சாலையை அறுத்துக்கொண்டு ஓடிய இடங்களில் சக்கரம் வழுக்கியது. முருப் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. நாலு மணிக்குள் லே நகரத்து வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். மனைவி பல்மோவின் கட்டிலருகே நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டர் நாலு மணி வரைதான் வரும். டயர் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மருமகளை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்.

பல்மோ படுத்து நான்கு மாதமாகிறது. படுத்து என்று சொல்வது வழக்கத்துக்காக. படுத்தால் அவளுக்கு மூச்சு வராது. ஜன்னலோரம் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, இரவும் பகலும் உட்கார்ந்தே இருந்தாள். நாற்பது குளிர்காலம் அடுப்புப் புகைக்குள் இருந்ததால் வந்த வினை என்றார் டாக்டர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பிறகு அதை உறைக்குள் போட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைச் செஞ்சு குடுங்க" என்றார். நாட்டு வைத்தியர் நாடியில் மூன்று விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மரம் நன்றாகத் துளிர்த்திருப்பதாகச் சொன்னார். மடத்திலிருந்து ஐந்து துறவிகள் வந்து இரண்டு நாள் ஓதினார்கள். சாமி வந்து ஆடும் கிழவி பல்மோவின் நெஞ்சில் வாயை வைத்து உறிஞ்சி, கறுப்பாக எதையோ கிண்ணத்தில் துப்பிக் காட்டினாள். துப்பியதற்கு மறுநாள் பல்மோ கொஞ்சம் சூப்புக் குடித்தாள். அதற்கு மறுநாள் அதுவும் இல்லை.

மெய்யென்று இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொய். அது முருப்புடைய சொந்தப் பொய்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் கல்கத்தாவிலிருந்து ஒரு டீச்சரம்மா தனியாக வந்திருந்தார். லேயில் வண்டி கிளம்பும்போது பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. எட்டாவது வளைவில் அவருடைய அத்தை செத்துப் போனாள். பன்னிரண்டாவது வளைவில் அதே அத்தை உயிரோடு வந்து நாத்தனாரோடு சண்டை போட்டாள். மேலே போய் வண்டியை நிறுத்தியபோது முருப்புக்கு இரண்டு காதும் வலித்தது. இறங்கும் வழியிலாவது அமைதி வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய கற்குவியலைக் காட்டி, "இங்க ஒரு வழக்கம் இருக்குங்க அம்மா" என்றார். ஒரு கல்லை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குவியலைச் சுற்ற வேண்டும். கல்லை அதன்மேல் வைக்க வேண்டும். பிடித்து வைத்த மூச்சு, மனசில் யாரை நினைக்கிறோமோ அவர்களுக்குப் போய்ச் சேரும். அதற்குப் பிறகு மலையிறங்கி முதல் கிராமம் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மூச்சு பாதி வழியில் விழுந்துவிடும்.

டீச்சரம்மா சட்டென்று அடங்கிவிட்டார். "நோயாளிக்கும் போகுமா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தானே இருக்கு" என்றார் முருப்.

அவர் சுற்றினார். இறங்கும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. முருப் சந்தோஷமாகச் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். அந்த அம்மாவின் ஒன்பது வயது மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்பதே ஓட்டல் வாசலில் இறக்கி விட்டபோதுதான் அவருக்குத் தெரியும். நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். கிரிக்கெட் மட்டையோடு ஒரு பையன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

கடிதத்தைப் படித்துக் காட்டியபோது பல்மோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இந்தப் பொய்ய மட்டும் இனிமே யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். மறுநாள் ஏறியவர்களிடம் முருப் அதைச் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். ஆளைப் பார்த்துச் சொன்னார். பருமனானவர்களுக்கு ஒரு சுற்று. துள்ளிக் குதிக்கும் பையன்களுக்கு ஏழு. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஆளுக்கு இரண்டரை. கல் சிலருக்கு வலது கையில், சிலருக்கு இடது கையில், மந்திரி ஒருவருடைய மைத்துனருக்குத் தலையில். வாயைத் திறக்கக் கூடாது என்பதை மட்டும் அவர் எப்போதும் மாற்றியதில்லை. கதையே அதற்காகத்தானே பிறந்தது.

பத்தொன்பது வருடத்தில் பதினாலு கடிதங்கள் வந்திருந்தன. எழுதாதவர்கள் எத்தனை பேர் என்று முருப் இந்த நான்கு மாதத்துக்கு முன் ஒருநாளும் நினைத்ததில்லை.

காலையில் பல்மோவின் முகத்தைத் துடைத்துவிட்டபோது, பேச்சோடு பேச்சாக, "அந்தக் கல்கத்தா டீச்சரம்மாகிட்ட எத்தனை சுத்துன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று கேட்டார். பல்மோ அவரையே பார்த்தாள். பேசினால் இருமல் வரும். ஆகவே கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாள். உடனே அதே கையால் மாத்திரை டப்பாவையும் காட்டினாள். மூன்று சுற்றா, மூன்று மாத்திரையா? திரும்பக் கேட்டால் தெரிந்துவிடுமே என்று பயந்து அவர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

தக்மர் லாவின் உச்சியில் அன்று திருவிழாக் கூட்டம். வாடகைக் கோட்டுகளும் கறுப்புக் கண்ணாடிகளுமாக ஜனங்கள் உயரத்தை எழுதி வைத்த பலகையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று கொடிகளை அடித்துக்கொண்டிருந்தது. முருப் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நேராகச் சோரோலின் தேநீர்க் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தார். சோரோல் இருபத்தைந்து கோடைகளாக அங்கே கடை போடுகிறவள். வாய் அதிகம்.

"வாங்க முருப்-லே. வண்டி காலியா நிக்குது? பாசஞ்சரை எந்த வளைவுல தள்ளிவிட்டுட்டு வந்தீங்க?" மரியாதைக்குச் சேர்க்கும் 'லே' அவள் கிண்டலிலும் தவறாது.

முருப் சிரிக்கவில்லை. சோரோல் கரண்டியை வைத்துவிட்டாள்.

"பல்மோ அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

உப்புத் தேநீரை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. கிண்ணத்திலிருந்து ஆவி போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோரோல், அந்தக் கல்கத்தா டீச்சரம்மா வந்தப்ப நீ இங்கதான நின்னுக்கிட்டிருந்த?"

"எந்த டீச்சரு?"

"வாய் ஓயாத அம்மா. கல்லைத் தூக்கிக்கிட்டுச் சுத்தினாங்களே, மொத மொதல்ல. நான் அவங்ககிட்ட எத்தனை சுத்துன்னு சொன்னேன்?"

சோரோல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது நீங்க அளந்து விட்ட பொய்யில்ல?"

"பொய்தான். எத்தனை சுத்து?"

அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. கூடாரத்துத் துணி உப்பி உப்பி அடங்கியது. சோரோல் முந்தானைக் கம்பளியால் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு தெளிவாக, கொஞ்சங்கூடத் தயங்காமல், "மூணு" என்றாள். "வலது கையில கல்லு. மூணு சுத்து. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

முப்பத்தோரு வருடம் பொய் சொல்லிப் பிழைத்தவனுக்கு அடுத்தவர் பொய் வாசலில் வரும்போதே தெரியும். முருப் தலையாட்டினார். "ஆமா, மூணுதான்" என்றார். தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

கற்குவியலருகே வரிசை நின்றது. இது முருப்புக்குத் தெரியாத விஷயமல்ல. அவர் சொன்னது மற்ற டிரைவர்கள் வாய்க்குப் போய், அங்கிருந்து ஓட்டல்களுக்குப் போய், இப்போது கைபேசிகளிலும் வருகிறது. ஆனால் அதில் தானும் ஒருநாள் நிற்க வேண்டியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு கல்லோடு நிற்க, முன்னால் லுண்டுப் என்ற இளவயது டிரைவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். கீழ்ப் பள்ளத்தாக்குக்காரன், போன வருடம்தான் வண்டி வாங்கியவன்.

முருப் ஒரு கல்லைப் பொறுக்கினார். உள்ளங்கையளவு, ஒரு பக்கம் மட்டும் வழவழப்பு. வரிசையைத் தாண்டி நேரே குவியலுக்குப் போனார்.

"அஜங்-லே! அஜங்-லே! வரிசையில வாங்க. பெரியவங்கன்னா வரிசை கிடையாதா?" என்று மாமா முறை வைத்துக் கத்தினான் லுண்டுப்.

"எனக்கு நேரமில்ல, தம்பி."

"சரி, செய்யறதையாவது சரியாச் செய்யுங்க. கல்லு இடது கையில. அஞ்சு சுத்து. கண்ணை மூடணும்."

முருப் நின்றார். "கண்ணை மூடிக்கிட்டா? பள்ளத்துல போய் விழவா? அஞ்சுன்னு யாரு சொன்னது உனக்கு?"

"யாரு சொல்லணும்? காலங்காலமா இருக்கறதுதான."

"எத்தனை காலமா?"

"ஆயிரம் வருசம் இருக்கும். ஏதோ பெரிய லாமா ஆரம்பிச்சு வெச்சது. உங்களுக்கு இதுகூடத் தெரியாதா? நீங்க எந்த ஊரு?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு முருப் ஒரு குளிர்காலம் முழுக்கச் சிரித்திருப்பார். பல்மோவிடம் சொல்லி அவளையும் தேநீர் சிந்தச் சிந்தச் சிரிக்க வைத்திருப்பார். இப்போது அவர் அந்தப் பையனின் முகத்தையே உற்றுப் பார்த்தார். அவனிடம் ஐந்து என்று சொன்னது யார்? அவனுக்குச் சொன்னவனுக்குச் சொன்னது யார்? ஒருவேளை அந்த வழியே பின்னோக்கிப் போனால் டீச்சரம்மாவிடம் சொன்ன எண் கிடைத்துவிடுமோ? "ஏன்டா, நிஜமாவே அஞ்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். குரல் கெஞ்சியது. லுண்டுப் குழம்பிப் போனான். "அஞ்சுதான் அஜங்-லே... சில பேரு ஏழும்பாங்க."

மூன்று, ஐந்து, ஏழு. ஏழு சுற்றினால் மூன்றும் ஐந்தும் அதற்குள் அடங்கிவிடும் என்று முருப் கணக்குப் போட்டார். பிறகு, மூன்றோடு நிறுத்தினால்தான் மூன்று, ஏழில் இருக்கும் மூன்று நின்ற மூன்றில்லையே என்று இன்னொரு கணக்கு வந்தது. தன் வாயிலிருந்து காற்றோடு காற்றாகப் போன ஒரு பொய்க்கு இவ்வளவு நுணுக்கமான சட்டம் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. தெய்வம் என்று ஒன்று இந்தக் கல்லுக்குள் இருக்குமானால் அது யாரை நம்பும்? ஆயிரக்கணக்கான பேரை இந்த உயரத்தில் மூச்சை அடக்க வைத்து, உதடு நீலம் பாரிக்கச் சுற்ற வைத்து, வண்டிக்குள் உட்கார்ந்து சீட்டியடித்தவனையா? ஆனால் அந்தப் பையன் பிழைத்தானே. மட்டையோடு நின்றானே. பொய் என்று தெரியாமல் சுற்றிய அந்த அம்மாவுக்குக் கிடைத்தது, பொய் என்று தெரிந்தே சுற்றுகிறவனுக்கும் கிடைக்குமா? தெரிந்ததை ஒரு பத்து நிமிடத்துக்கு மறக்க என்ன வழி? அவர் உண்மையிலேயே முயன்றார். ஒரு பெரிய லாமா, ஆயிரம் வருடம், என்று தனக்குள்ளே சொல்லிப் பார்த்தார். நம்பும்படியாகத்தான் இருந்தது. நன்றாகக் கட்டிய கதை.

கல்லை வலது கையில் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். அந்த இடத்தில் இழுப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஒன்றரைச் சுற்றிலேயே நெஞ்சு வெடித்து வாய் திறந்துகொண்டது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரைத்தார். லுண்டுப் ஓடிவந்து ஆக்சிஜன் டப்பாவை நீட்டினான்.

"வேணாம்."

"அஜங்-லே, மூஞ்சியெல்லாம் கறுத்துப் போச்சு. நாங்க சொல்றதுதான் கேக்க மாட்டேங்கறீங்க. ஒரு சுத்து போதும், வயசானவங்களுக்கு ஒண்ணு போதும்னுதான் சொல்லுவாங்க."

"யாருடா சொன்னது?" என்று கத்தினார் முருப். கத்தியதில் இன்னும் கொஞ்சம் மூச்சுப் போனது. அப்படிச் சொன்னது அவரேதான். ரப்பர் செருப்போடு வந்த ஒரு பஞ்சாபிக் கிழவரிடம் சொன்னார். அந்தக் கிழவர் கடிதம் எழுதவில்லை.

கல் கீழே விழுந்து எங்கோ மற்றக் கற்களோடு கலந்துவிட்டது. வேறொன்றை எடுத்தார். சூரியன் மறைந்து பொடிப்பனி விழ ஆரம்பித்தது. கீழே அந்த ஜன்னலோரத்தில் பல்மோ இந்நேரம் சிலிண்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்காதே என்றாலும் கேட்பதில்லை. அவளுக்கு மூச்சு வேண்டும், தன்னிடம் அது கொஞ்சம் இருக்கிறது, நடுவில் ஐம்பது கிலோமீட்டர் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி ஒன்று தனக்குத் தெரிந்து, தன் வாயாலேயே வந்து, பிறகு தொலைந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம். முருப் மறுபடியும் மூச்சை அடைத்துக்கொண்டு நடந்தார்.

முதல் சுற்று முடிந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தனியாக மோட்டார் சைக்கிளில் பூனாவிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், நெஞ்சில் கல்லோடு முருப்பின் பின்னால் நடந்துகொண்டிருந்தான். "இந்த ஊர்ப் பெரியவர் செய்யறாரே, இதுதான் ஒரிஜினல்" என்று அவன் கிளம்பும் முன் சொன்னதைக் கேட்டு, லுண்டுப்பின் வரிசை லுண்டுப்பைக் கைவிட்டுவிட்டது. இரண்டாம் சுற்றில் குவியலின் மறுபக்கம் திரும்பும்போது முருப் ஓரக்கண்ணால் பார்த்தார். இருபது பேர் இருக்கும். அவர் தடுமாறிய இடத்தில் அவர்களும் தடுமாறினார்கள். அவர் இடது கையை இடுப்பில் ஊன்றியபோது அவர்களும் ஊன்றினார்கள்.

மூன்றாம் சுற்றில் காது அடைத்தது. கொடிகளின் படபடப்பு எங்கோ தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆயிற்று. இன்னும் பத்தடி. ஆறடி. கல்லை வைக்கக் குனிந்தபோது முழங்கால் மடங்கி முருப் அப்படியே கற்களின் மேல் விழுந்தார். பல்லைக் கடித்தார். உதட்டைக் கடித்தார். திறக்கக் கூடாது, இது ஒன்றையாவது திறக்கக் கூடாது என்று தலையை ஆட்டினார். ஆனால் நான்கு மாதமாக டாக்டரிடமும் வைத்தியரிடமும் துறவிகளிடமும் பக்கத்து வீட்டாரிடமும் நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று சொல்லியே அடைத்து வைத்திருந்தது, உடம்புக்குள் வேறு வழியில்லாமல், வாயைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது.

"பல்மோ!"

பனி அவர் நாக்கில் விழுந்தது. கல் இன்னும் நெஞ்சோடு இருந்தது. போச்சு என்று முருப் நினைத்தார். எல்லாம் போச்சு.

பின்னால் நின்ற பூனாக்காரன் தலைக்கவசத்தைத் தூக்கிவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து, "பல்மோ!" என்றான். அவனுக்கு அடுத்து நின்ற பெண் கத்தினாள். அவளுக்கு அடுத்தவர் "பால்மோ" என்றார். ஒரு சிறுமி அழகாக, சரியாகச் சொன்னாள். இருபது பேரும், வரிசைக்கு வெளியே படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களும், தங்களுக்குத் தெரிந்த தங்கள் ஊர் உச்சரிப்பிலெல்லாம் கத்த ஆரம்பித்தார்கள்.

அது மந்திரமில்லை, ஒரு பெண்பிள்ளையின் பெயர் என்று அந்தக் கூட்டத்தில் லுண்டுப்புக்கு மட்டும் தெரியும். சிரிக்கப் போனவன் கீழே கிடந்தவரின் முதுகைப் பார்த்தான். கூடார வாசலில் கரண்டியோடு வந்து நின்ற சோரோலின் முகத்தைப் பார்த்தான். பிறகு குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரையும்விட உரக்க அவனும் கத்தினான்.

முருப் எழுந்திருக்கவில்லை. சொல்ல வேண்டும், தப்பு, நிறுத்துங்கள், வாயை மூடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு அவரிடம் மூச்சு இல்லை. உச்சிக்குக் கீழே நாலாவது வளைவில் சிமெண்டு மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்த லாரியின் டிரைவர், மலையுச்சியிலிருந்து குரல் வந்தால் பதில் குரல் கொடுக்காமல் போகக் கூடாதே என்று, என்னவென்று தெரியாமலே ஜன்னல் வழியாகப் பனிக்குள் தலையை நீட்டி, ஹார்னையும் அழுத்திக்கொண்டு, "பல்மோஓஓ!" என்று திருப்பிக் கூவினான்.